தகடு கிழிந்த மத்தியானம்

பிற்பகல் இரண்டு இருபதுக்கு அது வெடித்தது. நான் பாடசாலையால் வந்து, சேலை கூட மாற்றாமல் குசினியில் சோற்றுப் பானையைத் திறந்த நேரம்.

சத்தம் கேட்டபோது நான் தரையில் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று தெரியாது. திருகோணமலையில் போர்க்காலத்தைக் கடந்த என் வயதுக்காரரின் உடம்புக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்து வளவில், மகளின் கராஜ் முற்றத்தில் நின்ற வெள்ளைக் காரின் பின்கண்ணாடியைக் காணவில்லை. உள்ளிருந்து வெண்புகை பொங்கியது. எங்கள் ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்கள், ஒழுங்கையில் மேய்ந்துகொண்டிருந்தவை, துறைமுகப் பக்கம் பாய்ந்தன. மகள் குழாயடியில், கை நிறையச் சவர்க்கார நுரையோடு நின்றாள். உயிரோடு நின்றாள்.

அவள் செய்யும் வேலை இதுதான்: ஓட்டப் போட்டிக்குப் போகும் கார்களுக்கு நைட்ரஸ் பூட்டுவது. இயந்திரத்துக்குச் சில நொடிகள் கூடுதலாக மூச்சுக் கொடுக்கும் வாயு அது. வாயு கூடினால் பெற்றோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். தவறினால் பிஸ்டன் உருகிவிடும். குளிர் நாடுகளில் சிலிண்டரைச் சூடாக்கப் பட்டி சுற்றுவார்களாம். எங்கள் வெயிலில் அழுத்தம் ஏறிவிடாமல், அவள் மீன் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் அதை வைத்துத்தான் அளவு பார்ப்பாள். "டீச்சற்ற மகள் காருக்கு மீன் பழுதாகாமப் பாக்கிறா" என்று ஒழுங்கை முழுக்கப் பகிடி.

அன்றைக்குப் பகிடி இல்லை. வளவின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற துறைமுக உத்தியோகத்தர், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வந்தார். பின்னால் ஒழுங்கைச் சனம்.

"டீச்சர், நான் அப்பவே சொன்னனான். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் குண்டு வேலை?"

"குண்டு எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் அண்ணை. இது குண்டில்லை."

"அப்ப என்ன, தீவாளியோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிரித்தார்கள்.

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. புகை அடங்கியதும் காரின் பின்பெட்டியைத் திறந்து சிலிண்டரைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அதன் கழுத்தில் இருந்த சின்னத் தகடு மட்டும் கிழிந்திருந்தது.

"சிலிண்டர் வெடிக்கேல்ல, மாமா. உள்ளுக்கு அழுத்தம் கூடினா இந்தத் தகடு கிழிஞ்சு வாயுவை வெளியில விடும். அதுக்குத்தான் வச்சிருக்கு."

"ஏன் கூடினது?"

"பூட்டின காருக்குள்ள வெயில். ஆனா வெயிலால மட்டும் கிழியாது. போன கிழமை நான் தராசில வச்சு, வாயு விரியிறதுக்கு இடம் விட்டுத்தான் நிரப்பினனான்."

"இப்ப தராசில வச்சுக் காட்டன்."

வெறும் சிலிண்டரை வைத்து என்னத்தைக் காட்டுவது? முதல்முறையாக அவள் தலை குனிந்தாள்.

"பின்னேரத்துக்குள்ள பூட்டித் திறப்பைத் தாங்கோ" என்றார் அவர். அந்த இடம் போனால் அவளுக்கு வேறு இடம் இல்லை. நைட்ரஸ் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஊரில் இன்னொருவர் வளவு தரமாட்டார்.

நான் வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து கராஜ் படலைக்கு நடுவில் போட்டு, அதில் இருந்தேன்.

"திறப்புத் தர ஏலாது."

"டீச்சர், நீங்களே நடுங்குறீங்கள்."

"ஓம், நடுங்குறன். நடுங்கிக்கொண்டே இருப்பன். பிள்ளை பிழை விட்டாளெண்டு காட்டுங்கோ, நானே பூட்டித் தாறன்."

நான் துணிச்சல்காரி இல்லை. அவள் நைட்ரஸ் பொத்தானை அமத்தி இயந்திரம் அலறும் ஒவ்வொரு முறையும் நான் குசினி யன்னலைச் சாத்திவிடுவேன். அவளுக்குத் தெரியாமல் கோயிலில் எத்தனை அர்ச்சனை செய்திருப்பேன். ஆனால் அந்தப் பயம் என்னுடையது. அதைப் போக்க அவளுடைய வேலையைப் பறிக்க வேண்டும் என்றால், பயம் என்னோடேயே கிடக்கட்டும். தராசு முள் அசைவு நிற்கும்வரை மூச்சை அடக்கி நிற்பவள் அவள். கவனமில்லாதவள் என்று மட்டும் யாரையும் என் முன்னால் சொல்ல விடமாட்டேன்.

வெயில் சாயத் தொடங்கியது. ஒருவரும் கலையவில்லை, நானும் எழும்பவில்லை. அப்போதுதான் காலையில் அந்தக் காரைக் கொண்டுவந்து விட்டுப்போன சல்லிக் கிராமத்துக்காரர், மூன்று படகுக்குச் சொந்தக்காரர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரின் பின்பக்கம் அவருக்குத் தெரியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு மகளிடம் வந்தார்.

"என்ன இவ்வளவு சனம்? தங்கச்சி, நீங்கள் சிலிண்டரில கொஞ்சம் குறைச்சு விட்டிட்டீங்கள். பரவாயில்லை, நேற்று நான் வேற இடத்தில குடுத்து, எங்கட படகுக்கு எண்ணெய் அடிக்கிற மாதிரி, கழுத்து முட்ட அடிப்பிச்சுப்போட்டன். இண்டைக்கு ஓடிப் பாருங்கோ, சும்மா பறக்கும்!"