ஜிலேபி விற்றவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது மூன்று பிள்ளைகளை. மூவரையும் ஜிலேபி விற்றுத்தான் வளர்த்தேன். மேட்டூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அணையில் வலைக்குப் படுகிற மீன் அது. மைசூருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. நான்கு மாதமாய்ச் சின்ன மகன் குமார் குடியிருக்கிற மாடி வீட்டில் இருக்கிறேன். வந்த அன்றே ஒன்று விசித்திரமாய்ப் பட்டது. அடுப்படியில் மீன் வாசமே இல்லை. "டாக்டர் உனக்கு ஆகாதுன்னுட்டாரும்மா, கொழுப்பு கூடிருச்சாம். உனக்காக நாங்களும் விட்டுட்டோம்" என்றான். எனக்காக ஒரு குடும்பமே வாயைக் கட்டுகிறதே என்று உருகிப்போனேன்.

போன வாரம் கீழ்வீட்டு ஓனரம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தாள். "அஜ்ஜி, நீவு ஜிலேபி மார்த்தித்ரந்தே?" என்றாள். நீங்கள் ஜிலேபி விற்றீர்களாமே என்று கேட்கிறாள். என் தொழிலை மகன் இவளிடம் பெருமையாய்ச் சொல்லியிருக்கிறானே என்று நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு. ஆமாம்மா, இருபத்தைந்து வருஷம், தினமும் புதுசு, பழசை என் கூடை கண்டதே இல்லை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவள் சப்புக்கொட்டினாள். கௌரி பண்டிகைக்கு எங்களுக்கும் செய்து கொடுங்கள் என்றாள். கௌரி பண்டிகைக்கு மீனா! அவரவர் வழக்கம் அவரவருக்கு என்று தலையாட்டிவிட்டேன்.

அன்று முழுக்கப் பழைய ஞாபகம்தான். மேட்டூர்ப் பக்கம் கொளத்தூரில் என் தம்பி கூடையில் ஐஸ் போட்டுப் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பாலாறு செக்போஸ்ட்டில் நின்று, கொள்ளேகால் வழியாய் அது வந்து சேரும்வரை ஐஸ் தாங்க வேண்டுமே என்று பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடப்பேன். மண்டி மொஹல்லா தெருவோரத்தில் அருவாமணை போட்டு உட்கார்ந்தால், பக்கத்தில் விளையாடுகிற குமாரின் தலைமயிரெல்லாம் செதில் தெறித்து ஒட்டும். பள்ளிக்கூடம் அனுப்பும் முன் ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவேன். "இது வெள்ளிம்மா, எடுக்காதே" என்பான்.

மறுநாள் பேத்தி தன்யா, இரண்டாம் வகுப்பு, பள்ளியில் கொடுத்த படத்துக்குக் கலர் அடிக்க உட்கார்ந்தாள். அப்பத்தா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், அஜ்ஜிதான் வாயில் வருகிறது. படத்தில் முதலை மூஞ்சி வைத்த பெரிய ஜந்து ஒன்று ஆற்றில் நிற்கிறது, வாயில் மீன். "பேரியோனிக்ஸ். மீன் தின்ற டைனோசர்" என்றாள். அதன் கை நகம் ஒன்று என் அருவாமணை போலவே வளைந்திருந்தது.

"எந்தக் காலத்துலயோ செத்துப்போச்சு. மீன் தின்னுச்சுன்னு யாரு பார்த்தாங்க?"

"வயித்துக்குள்ள செதில் இருந்துச்சாம் அஜ்ஜி, எலும்போட எலும்பா. மிஸ் சொன்னாங்க."

மீனை உற்றுப் பார்த்தேன். முதுகில் முள் முள்ளாய்த் துடுப்பு. "இது நம்ம ஜிலேபிதான், சாம்பல் கலர் அடி கண்ணு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஆரஞ்சுப் பென்சிலை எடுத்தாள். "ஜிலேபி ஆரஞ்சுதானே! நீ ஸ்வீட் வித்தவதானே? கீழ்வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க. நாம மீன் தின்னா அவங்க வீடு தரமாட்டாங்க. அதான் ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல போய்த் தின்னுட்டு வர்றோம்." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு அப்பா."

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போவதாய்ச் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

சாயங்காலம் மகனைக் கேட்டேன். "நான் பொய் சொல்லலையேம்மா. எங்கம்மா ஜிலேபி வித்தாங்கன்னுதான் சொன்னேன். அவங்களா இனிப்புன்னு நெனச்சா நான் என்ன பண்ண?" என்றான். அப்போ டாக்டர் சொன்னது என்றேன். மெதுவாய், "தன்யா ஸ்கூலுக்குப் பக்கத்துல வேற வீடு கெடைக்கலம்மா" என்றான். "உன் தலையில செதில் பொறுக்கின கைடா இது" என்றேன். அவன் கை தானாய் அவன் தலைக்குப் போனது.

இன்று காலை ஓனரம்மா மறுபடி வந்து ஜிலேபி கேட்டாள். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் தன்யா பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். "கை நடுங்குதம்மா, இப்போ பாகு பதம் வராது" என்றேன். மகன் சொன்னது பாதிப் பொய். முழுப் பொய்யையும் என் வாய்தான் சொன்னது. தராசில்கூட ஏமாற்றாத நான். அவன் செய்ததைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படித்த கையெழுத்தில், இதைப் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் மீன் என்கிறோம், கன்னடத்தில் மீனு என்கிறார்கள். இரண்டு பாஷைக்கும் பொதுவாய்க் கிடைத்த அந்தச் சொல்லைத்தான் இந்த வீட்டில் உரக்கச் சொல்ல முடியவில்லை. தன்யா ஆரஞ்சு அடித்து மிச்சம் வைத்த பாதி மீனுக்கு நான் சாம்பல் அடித்தேன். படம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மகன் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஜந்துவின் வயிற்றில் இருந்த மாதிரி அவன் வயிற்றிலும் செதில் இருக்கும்.

தன்யா, இங்கே வா கண்ணு. நான் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தைக் கூட்டியாவது இதை முதலிலிருந்து படித்துக் காட்டு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மீன் என்று வருகிற இடத்தில் சத்தமாய்ப் படி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.