நிரம்பியபடி கிடந்த தண்ணீர்ப் போத்தல்

எங்கள் வீடு இருக்கும் செவன் ஹில்ஸில் இருந்து புரோக்கன் ஹில்லுக்குக் காரில் இரண்டு நாள். அங்கே மோட்டலில் ஐந்து நாள் தங்கி, காலையில் புறப்பட்டுக் காடு மலை பார்த்துவிட்டுப் பொழுதுபடத் திரும்புவது என்று மகளும் மருமகனும் திட்டம் போட்டிருந்தார்கள். முதல் நாளே என்னை அறையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"மாமி, அங்க முழுக்கக் கல்லு. உங்கட முழங்காலுக்குச் சரிவராது," என்றார் மருமகன்.

இருந்தேன், எழும்பினேன். திரைச்சீலையை விலக்கினேன், மூடினேன். கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். அதிலும் இருப்புக்கொள்ளவில்லை. எதிரே சிவப்பு மண்ணும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்தான். பின்னேரம் மகள் போனில் படம் காட்டினாள். இரண்டு செம்பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர்க் குளம்.

"போனில பாக்கிறதுக்கோ நான் இரண்டு நாள் காருக்குள்ள குந்தியிருந்தனான்?"

மகள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை வெல்வது லேசல்ல. என்றாலும் இறங்கி வந்தாள்.

"சரி, நாளைக்குத் திரும்பவும் அங்கயே போவம். ஆனா ஒருக்கா தலை சுத்தினாலும் மிச்ச நாள் முழுக்க ரூம்தான். பிறகு என்னோட சண்டை பிடிக்கக் கூடாது."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நடையில் என்னை ஒருவரும் வென்றதில்லை.

பயணம் என்றால் எனக்கு ஒரு பழக்கம். புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். நாள் முழுக்க பஸ்ஸில் போன காலத்தில் நாங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். நடுவழியில் ஒதுங்க இடம் தேடி நிற்க வேண்டியதில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது. நடக்கும் ஆளின் படமும் தண்ணீர்ப் போத்தலின் படமும் விளங்கின. போத்தலைப் பார்த்தும் பாராதவள்போல நடந்தேன்.

"அம்மா, தண்ணி குடிச்சனீங்களோ?"

"ஓம், ஓம்."

குளம் எந்த வளைவுக்குப் பின்னால் வரும் என்றே மனம் பறந்தது. அவர்களுக்கு முன்னால் எட்டி வைத்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பாறைகள் மெல்ல ஆடின. பக்கத்து மரத்தைப் பிடித்தேன். என் பையை வாங்கித் தோளில் போட்ட மருமகன் நின்றுவிட்டார்.

"மாமி, உங்கட போத்தல் நிரம்பினபடி கிடக்கு!"

மகள் போத்தலைப் பறித்துப் பார்த்தாள். "ஒரு சொட்டும் குடிக்கேல்லையோ? என்னட்டப் பொய்யோ சொன்னனீங்கள்?"

"இஞ்ச கக்கூஸ் எங்க கிடக்கு?" என்றேன்.

மருமகன் சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் பற்றைக் காடுதான். "மாமி, இவ்வளவும் உங்களுக்குத்தான்," என்று சிரித்தபடி தூரப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

மகள் என்னை நிழலில் இருத்தி முக்கால் போத்தலைக் குடிக்க வைத்தாள். ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் நான் பயந்ததும் வந்தது. அவள் தன் சால்வையை விரித்துத் திரையாகப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

குந்தியிருந்தபோது எதிர்ப் பற்றை அசைந்தது. ஒரு ஈமுப் பறவை. அதன் காலடியில் உடம்பில் வரி போட்ட ஆறேழு குஞ்சுகள். அது கழுத்தை நீட்டி என்னையே பார்த்தது. என் வாழ்க்கையில் அப்படி அசையாமல் நான் இருந்ததில்லை.

"முடிஞ்சுதோ?"

"பேசாம நில்லு."

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் ஓடிவிட்டன.

குளம் பார்க்காமல் திரும்பினோம். சொன்ன சொல் சொல்தான், மிச்ச நாள் ரூம்தான் என்றாள்.  ஈமுவைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் விடிய அவள் எழும்பி வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருந்தேன். அவள் பார்க்கத்தக்கதாக ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்து முடித்தேன். இன்னொன்று ஊற்றினேன். அதையும் குடித்தேன்.

அவள் என் போத்தலை எடுத்து நிரப்பி என்னிடம் நீட்டினாள். பிறகு கொடியில் காய்ந்த சால்வையை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.