கலைமதியின் அடுப்படிச் சுவர்

கலைமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அப்பா "போட்டோ ஸ்டூடியோ" என்று சொல்லிவிடுவார். நீலகிரி வெலிங்டனில் ராணுவக் குடியிருப்புகளுக்கு எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். இன்னும் கட்டாத வீடுகளை மகள் படம் எடுக்கிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் வேலை அதுதான். இனிமேல் கட்டப்போகும் வீட்டின் உள்ளறையைக் கம்ப்யூட்டரில் கட்டி, சோபா போட்டு, ஜன்னல் வழியாக வெயில் விட்டு, நிஜப் புகைப்படம் மாதிரி ஆக்கித் தருவது. ரெண்டர் என்பார்கள். கோயம்புத்தூரில் சிவில் டிப்ளமோ முடித்து ஓர் ஆபீசில் கற்றுக்கொண்டாள். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பாலமுருகனைக் கட்டிக்கொண்டு குன்னூர் வந்த பிறகு, வாடகை வீட்டிலிருந்தே செய்கிறாள். ஜூலை மாதத்தில், எதிர் வீடு தெரியாத மூடுபனியில், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, துபாய்க்காரர் ஒருவரின் ஹாலில் மாலை வெயில் எந்தச் சாய்வில் விழ வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். ரெண்டர் ஓடும்போது கம்ப்யூட்டர் கொதிக்கும். பாலமுருகனின் ஈர சாக்ஸ் அதன் பின்னால்தான் காயும்.

வீட்டில் ஒரே தொல்லை அடுப்படிச் சுவர். மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. மேட்டுத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவரில்தான் இறங்கும். அடியில் பச்சை, நடுவில் சாம்பல், மேலே பழுப்பு என்று ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். வீட்டுக்காரர் தனசிங் பெயிண்டிங் கான்ட்ராக்டர். ஊரில் பாதி பங்களாக்கள் அவர் கை பட்டவை. கலைமதி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"மலைன்னா ஓதம் இருக்கத்தானுங்க அம்மணி செய்யும். அதுமேல பெயிண்ட் அடிச்சா பெயிண்டுதான் கெட்டுப்போகும்."

அப்போதுதான் கோயம்புத்தூர் ஆர்க்கிடெக்ட் வினோத் ஒரு வேலை கொடுத்தார். கோத்தகிரி ரோட்டில், சென்னையைச் சேர்ந்த மாலதி என்ற அம்மாளுக்கு ஓய்வு வீடு. சாப்பாட்டு அறையின் படத்தை மட்டும் மாலதி திரும்பத் திரும்பத் தள்ளினார். பொம்மை வீடு மாதிரி இருக்கிறதாம்.

"பழைய ஃபீல் வேணுமாம் கலைமதி. வாழ்ந்த வீடு மாதிரி," என்றார் வினோத் போனில்.

நெட்டில் கிடைக்கும் பழைய சுவர்களையெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை. டீ போட எழுந்து போனவள், பால் பொங்குகிற வரை எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, போனில் அந்த ஓதச் சுவரைப் படம் பிடித்தாள். தாளித்த எண்ணெய் தெறித்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்தப் படத்தை மாலதியின் சாப்பாட்டு அறைச் சுவரில் விரித்து, பக்கவாட்டில் இளவெயில் விட்டாள்.

மாலதியே கூப்பிட்டார். "இதுதாம்மா! எங்க பிடிச்சீங்க? இத்தாலியா?"

"லோக்கல்தாங்க மேடம்."

தன்னடக்கம் என்று நினைத்து மாலதி சிரித்தார்.

வீடு எழுந்தது. அந்தச் சுவரைப் பூசும் வேலை தனசிங்குக்குப் போனது. வாழ்நாளெல்லாம் கறையை மறைத்தே பழகிய மனிதர். அவர் பூசிக் காட்டிய சாம்பிள் ஒவ்வொன்றையும், "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்று மாலதி வேண்டாம் என்றார். கடைசியில் தனசிங் படத்தைச் சுருட்டிக்கொண்டு கலைமதியிடம் வந்தார்.

"அம்மணி, இதைப் பண்ணுனது நீங்கதானாமா. எந்தக் கம்பெனி பினிஷுன்னு மட்டும் சொல்லுங்க, வாங்கியாந்துடறேன்."

"இப்படி வாங்க," என்று அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

தனசிங் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நம்ம ஊட்டுச் செவுருங்களே!"

"ஆமாங்க."

இப்போதாவது மனிதர் கூச்சப்பட்டு ஒரு கோட் அடித்துத் தருவார் என்று கலைமதி காத்திருந்தாள். அவரோ சுவரைத் தொடாமல் தொட்டுத் தடவிவிட்டு, "இதுமேல ஆரும் கையை வெச்சுறாதீங்க," என்றார்.

அதன் பிறகு தினமும் டப்பாக்களோடு வந்து அடுப்புப் பக்கத்தில் குந்தி, நிறம் கலந்து பார்ப்பார். ஷிஃப்ட் முடித்து வரும் பாலமுருகன் வீட்டுக்காரரைத் தாண்டித்தான் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வேண்டியிருந்தது. மாலதி வீட்டுச் சுவர் அச்சு அசலாக அமைந்தது. அதைப் பார்த்த வேறு சிலரும் கேட்டார்கள். தனசிங் தன் விசிட்டிங் கார்டில் 'ஹெரிடேஜ் பினிஷ்' என்று சேர்த்துக்கொண்டார். கலைமதி சுவரைத் துடைத்தால்கூட முகம் சுளித்தார்.

அந்த ஓதத்தில் பாலமுருகனுக்கு இருமல் பிடித்து விடவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டினான். அவள் பொருக்கைச் சுரண்டினாள். சுவர் காய்ந்த பிறகு இருவருமாக வெள்ளையடித்தார்கள்.

தனசிங் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க அம்மணி, ஒரு வார்த்தை கேக்கக்கூடாதுங்களா? அது என்ற செவுரு!"

"உங்க செவுருதாங்க. நாங்கதான் இருமறோம்," என்றாள் கலைமதி.

அந்த மழைக்காலத்தில் மாலதியின் சுவரிலும் நிஜமாகவே ஓதம் ஏறியது. வேலைக்காரி தரையில் தண்ணீர் தேங்குவதைச் சொல்லும் வரை யாருக்கும் தெரியவில்லை. வினோத் பதறிப்போய்க் கலைமதியைக் கூப்பிட்டார்.

"எது நாம பூசினது, எது தானா வந்ததுன்னு எனக்கே தெரியல. அந்தப் படத்தை அனுப்புங்க, பக்கத்துல வெச்சுப் பாத்துக்கறேன்."

அனுப்பினாள். பார்த்தும் பிரிக்க முடியவில்லை. மாலதி மொத்தத்தையும் சுரண்டிவிட்டு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். வெள்ளைச் சுவர் வைத்துப் புதுப் படமும் கேட்டார். இந்த முறை கலைமதி கொடுத்த முதல் படத்தையே ஒப்புக்கொண்டார்.

மாலதி வீட்டு வெள்ளையடிப்பை முடித்துவிட்டு, ஒருநாள் தனசிங் பட்டி டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார். அடுப்படிச் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.

"பட்டி பாத்து மேடுபள்ளத்தை நெரவாம அடிச்சிருக்கீங்க. இது தனசிங் ஊடுன்னு வெளிய தெரிஞ்சா என் பேரு என்னாகறது?"

பேசிக்கொண்டே உப்புத்தாளை எடுத்தார். கலைமதி மசாலா டப்பாக்களை ஹாலுக்கு மாற்றிவிட்டு, பெங்களூர்க்காரர் ஒருவரின் படுக்கையறைக்கு வெயில் வைக்க உட்கார்ந்தாள்.