பட்டியலில் இல்லாத பெயர்

அலுவலகத்தில் அவருக்கு 'விலாசம்' என்று பெயர். தபால் பிரிவில் இருபத்தாறு வருடமாக உறைகளின் மேல் விலாசம் எழுதுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பெயருக்கு முன்னால் 'முனைவர்' போடவில்லை என்று உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பும் மகானுபாவர்கள் நிறைந்த உலகம் இது. அவர்களையெல்லாம் முகம் கோணாமல் வைத்திருந்தது விலாசத்தின் பேனாதான். ஆனால் உறைக்குள் இருப்பதை மட்டும் அவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். "அது அனுப்புறவங்க பாடு" என்பார்.

கூட வேலை செய்கிறவர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகைக் கட்டு நேராக அவர் மேஜைக்கு வந்துவிடும். மனைவி டாக்டராக இருந்தால் அவர் பெயர்தான் முதலில். கணவரை இழந்தவருக்கு அவருடைய சொந்தப் பெயரில். வேலைக்குப் போய்த் தனியாக இருக்கும் பிள்ளைக்குத் தனி உறை. 'குடும்பத்தினர்' என்று சேர்த்துவிட்டால் எத்தனை பேர் வந்து இறங்குவார்கள் என்பது கல்யாண வீட்டார் தலைவலி.

இந்தத் தடவை கட்டு அவருடைய மகளிடமிருந்தே வந்தது.

அவரும் மனைவியும் பிரிந்து பன்னிரண்டு வருடம். பெரிய சண்டை என்று எதுவுமில்லை. பேச்சு குறைந்தது, இன்னும் குறைந்தது, ஒருநாள் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல் கடை மாடியில் உள்ள இந்த ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். மகள் மாதம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளை பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் மனைவியும் மனைவியின் அண்ணனும்தான். இவருக்குச் செய்தி மட்டும் வந்தது.

வியாழக்கிழமை மாலை மகள் அவசர அவசரமாக இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கட்டில்மேல் வைத்தாள். "எல்லாம் கவர்ல போட்டாச்சுப்பா. லிஸ்ட் உள்ள இருக்கு, மேல நீங்க எழுதினா போதும். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். பார்த்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, என்ன?" என்று சொல்லிவிட்டு, கீழே நின்ற ஆட்டோவுக்கு ஓடினாள்.

அவர் பார்த்தார். பட்டியலை. ஒன்பது பக்கம்.

மகளின் சிநேகிதிகள், மாப்பிள்ளையின் ஆபீஸ், மனைவியின் ஒன்றுவிட்ட தங்கைகள், ஒரு பல் டாக்டர், பழைய வீட்டுக்காரர். இருநூற்றுப் பதினாறு பெயர். விலாசத்தின் பெயர் இல்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்று எச்சில் தொட்டுப் புரட்டினார். பின்பக்கத்தைப் பார்த்தார். இல்லை.

மச்சான் பெயரும் இல்லை. அது அவருக்கு உடனே விளங்கியது. அழைக்கிறவனுக்கு எதற்குப் பத்திரிகை? உள்ளே 'தங்கள் வரவை நாடும்' என்பதற்குக் கீழே ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். அப்பன் இருக்க வேண்டிய இடத்தில் மாமன்!

ஓர் உறையைக் கையில் எடுத்தார். மடிப்பு ஒட்டியிருக்கவில்லை, லேசாகச் செருகியிருந்தது. கட்டைவிரலால் நெம்பினால் தெரிந்துவிடும். எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். உள்ளே பார்ப்பது நம் பழக்கமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! மனுஷனுக்குப் பயம். அந்த இடத்தில் மச்சான் பெயரைப் பார்த்துவிட்டால், மிச்சம் இருநூற்றுப் பதினைந்தை எந்தக் கையால் எழுதுவது?

வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் உட்கார்ந்தார். நாலு உறை எழுதுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார். தண்ணீர் குடிப்பார். திரும்பி வந்து பட்டியலை முதல் பக்கத்திலிருந்து பார்ப்பார். பல் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பல்லைப் பிடுங்கினவனுக்குக் கூட அழைப்பு இருக்கிறது! சரி, நாமே கேட்டுவிடுவோம் என்று இரண்டு தடவை போனை எடுத்தார். என்னவென்று கேட்பது? பெற்ற மகளிடம் போய், என்னைக் கூப்பிடுவாயா என்றா?

சனிக்கிழமை ஏதோ வாங்க அவர் மாடியிலிருந்து இறங்கியபோது தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "என்ன சார், ரெண்டு நாளா என் தலைக்கு மேல ஓட்டப்பந்தயம் நடக்குது?"

"பொண்ணுக்குக் கல்யாணம்."

"அடடே! எங்க சார் பத்திரிகை?"

"வரும்" என்று மென்று விழுங்கிவிட்டு, என்ன வாங்கப் புறப்பட்டோம் என்பதே மறந்துபோய் மாடிக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். முகம் வாடியிருந்தது. கல்யாண அலைச்சல் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் மேலாக இருந்த ஓர் உறையைப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றாள். வேறு எதையோ எதிர்பார்ப்பவள் போல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சும்மா" என்றார் அவர்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்." நிறுத்தியிருக்கலாம். மூன்று நாள் அடக்கியது நிற்கவில்லை. "நான் எதுவும் கேக்கலை. கடைசி வரிசையில ஓரமா உக்காந்துட்டு வந்துடுவேன். அந்தப் பல் டாக்டருக்குக் கொடுத்த மரியாதையில பாதி, ஒரு கவர், எனக்குக் கிடையாதா?"

மகள் அவரையே பார்த்தாள். "பத்திரிகையை நீங்க பார்க்கவே இல்லையா?"

"உள்ள இருக்கறதை நான் பார்க்கறதில்லையேம்மா."

"இருநூத்திப் பதினாறுல ஒண்ணைக் கூடவா?" பெட்டிகளைத் தொப்பென்று கீழே வைத்தாள். "அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் ஒரு மாசம் மல்லுக்கட்டினேன். அப்பா பேர் போடலைன்னா பத்திரிகையே அடிக்க வேணாம்னுட்டேன். இதைப் பார்த்துட்டுக் கூப்பிடுவீங்கன்னு மூணு நாளா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு அலையறேன். ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம் போலிருக்கு, கல்யாணத்துக்கே வரமாட்டீங்கன்னு நான்..." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.



மகள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஓர் உறையிலிருந்து பத்திரிகையை உருவி அவர் கையில் திணித்தாள். "படிங்க. சத்தமா படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 'எங்கள் மகளின் திருமணத்திற்கு' என்று தொடங்கி, நாள், நேரம், மண்டபம் எல்லாவற்றையும் ஆபீஸ் குரலில் படித்துக்கொண்டே வந்தார். 'தங்கள் வரவை நாடும்.' அதற்குக் கீழே மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. முன்னால் 'திரு' இல்லை, பின்னால் 'அவர்கள்' இல்லை. அழைக்கிறவர்கள் தங்களுக்கே அதெல்லாம் போட்டுக்கொள்வதில்லை.

அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"அதையும் படிங்கப்பா" என்றாள் மகள்.