சக்கரத்தில் ஒரு கால்

அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சரிவில் தள்ளுவண்டியில் ஓர் அம்மா இட்லி விற்றார். குள்ளமான, கட்டையான உருவம். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. வண்டி உருளாமலிருக்க எல்லோரும் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இவர் வலது காலால் சக்கரத்தை மிதித்துக்கொண்டே இட்லி எடுத்து வைப்பார். கடையைத் தூக்க மாநகராட்சி லாரி வந்தால் கல்லை நகர்த்தக்கூட நேரமிருக்காது என்பார்.

தேர்தல் சமயம். தட்டும் கையுமாக நின்று நாங்கள் இலவசங்களைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

"பொம்பளைங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்கிறதை நிறுத்திட்டு, தொழில் செய்யறவங்களை நிம்மதியா விட்டாலே போதும்" என்றேன். அவருக்காகப் பேசுவதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவர் கரண்டியை நீட்டி என்னை நிறுத்தினார். "இன்னா சார் பேசற? மழ பேஞ்சா யாவாரம் கீதா? அன்னிக்கு ஊட்ல அடுப்பு எரியறதே அந்தத் துட்டுலதான். அத்த ஏன் புடுங்கச் சொல்ற? அதுவும் வரணும், என்னை இங்க நிக்கவும் உடணும். ரெண்டும்தான் கேப்பேன்."

"ரெண்டையும் எந்தக் கட்சிம்மா தரும்?"

"தராதவன் கிட்டயும் கேப்பேன்."

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலில், பெண்கள் வரிசையில் அவரைப் பார்த்தேன். வெயில் ஏறியும் வரிசை நகரவில்லை. யாருக்குப் போடப்போகிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்றிருந்தார். அவரை அப்படி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.