ரிமோட் அக்கா

“கொஞ்சம் கையை எடுங்க, நான் உள்ளே வர்றேன்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் ரிமோட் அக்கா மவுஸைத் தொடுவார். உள்ளே என்றால், எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருடைய கணினிக்குள். கேட்காமலே நுழையும் அதிகாரம் அவருக்கு உண்டு. “இருந்தாலும் ஒருத்தர் வீடு மாதிரி இல்லையா? திடுதிப்புனு போய் நின்னா நல்லாவா இருக்கும்?” என்பார்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் கிளை. அங்கெல்லாம் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் கணினிகளையும், தலைமை அலுவலகத்தில் என் எதிர் மேசையில் உட்கார்ந்தபடியே கட்டி மேய்ப்பவர் அக்கா. அவர் திரையில் ஒவ்வொரு கணினியும் ஒரு சின்னக் கட்டம். இயங்கினால் பச்சை, இணைப்பு அறுந்தால் சாம்பல். அவற்றை எண் சொல்லிக் கூப்பிட அவருக்குப் பிடிக்காது. ஒன்று ‘சோம்பேறி’, ஒன்று ‘தொட்டாச்சிணுங்கி’, அடிக்கடி சூடேறும் ஒன்று ‘மாப்பிள்ளை’. “மாப்பிள்ளைக்கு இன்னிக்கு மூக்குக்கு மேல கோபம். உள்ளே ஃபேன் ஓடலை போல” என்றபடி அந்தக் கிளைக்குப் போன் போடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். அடுத்த அறையிலிருந்து மாமனார், “போன்ல எழுத்தெல்லாம் பொடிசாப் போச்சும்மா” என்று குரல் கொடுப்பாராம். அக்கா எழுந்து போகமாட்டார். இருந்த இடத்திலிருந்தே அவர் போனுக்குள் நுழைந்து எழுத்தைப் பெரிதாக்கிவிடுவார். “நாலு எட்டு வெச்சா வந்துடலாம். மருமக வர்றதுக்கு இன்டர்நெட் வேணுமா?” என்பது பெரியவரின் நிரந்தரப் புகார்.

போன வாரம் ஒரு மதியம், தொலைதூரக் கிளை ஒன்றின் கட்டம் சாம்பலானது. சற்று நேரத்தில் அங்குள்ள மருத்துவமனையிலிருந்து அழைப்பு. ஒரு பெண்ணை அறுவை சிகிச்சைக்குத் தயார்ப்படுத்திவிட்டார்கள். ரத்த அறிக்கை வராமல் தொடங்க முடியாது. அறிக்கையோ அந்தக் கணினிக்குள். அக்கா கிளைக்குப் போன் போட்டார். எடுத்தது வாசலில் காவல் பார்க்கும் அம்மாள்.

“டெக்னீஷியன் தம்பி லிஃப்ட்ல மாட்டிக்கிச்சுங்க. கரண்ட் போய் வந்துச்சு, லிஃப்ட் மட்டும் அசையலை. ஆளைக் கூப்பிட்டிருக்கோம்.”

“சரி, நீங்க கம்ப்யூட்டர்கிட்ட போங்கம்மா.”

“நானா? தொட்டா வெடிச்சிடாதா?”

“வெடிச்சா முதல்ல என் வேலைதான் போகும். தைரியமாத் தொடுங்க.”

“மேசைக்குக் கீழ ஒரே ஒயருங்க. சிக்குப் பிடிச்ச தலை மாதிரி கிடக்கு.”

“கறுப்பா, தடியா ஒண்ணு இருக்கும். அது சுவத்துல சொருகியிருக்கா?”

அம்மாள் குனிந்து ஒயர்களை விலக்கும் சத்தம் கேட்டது. “இல்லைங்க... அந்த இடத்துல ஒரு போன் சார்ஜர் இருக்கு.”

“யாரோடது?”

“என்னோடதுதாம்மா. கரண்ட் வந்தப்புறமும் கம்ப்யூட்டர் அணைஞ்சுதானே கிடந்துச்சு. சும்மா இருக்கிற இடம்தானேன்னு...”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வேறு யாராவது என்றால் வார்த்தை தடித்திருக்கும். அக்காவின் கால் மேசைக்கடியில் படபடவென்று ஆடியது, குரல் ஆடவில்லை.

“பரவாயில்லைம்மா. உங்க போனுக்கு உயிர் வந்தாச்சு இல்ல? இப்ப இதுக்கும் கொஞ்சம் குடுங்க.”

ப்ளக் மாறியது. பெட்டியின் பொத்தானை அழுத்தச் சொன்னார். கட்டம் பச்சையாகும்வரை அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. பச்சையானதும், வழக்கம்போல் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து உள்ளே நுழைந்தார்; அறிக்கையை அனுப்ப விரல்கள் பறந்தன. “வந்துடுச்சு, ஆரம்பிக்கிறோம்” என்று இன்னொரு போனில் மருத்துவமனைக்காரர் சொன்னதும்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

திறந்ததை மூட அவர் மவுஸை நகர்த்தியதும், இந்தப் போனில் காவல்கார அம்மாள் அலறினார். “ஐயையோ, யாரும் தொடாமலே இதுல ஒரு அம்பு ஓடுதுங்க!”

“பயப்படாதீங்க, நான்தாம்மா அது.”

“நீங்களா? அங்கே இருந்தா? நிஜமாவா?”

அக்கா அம்பை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் சிரிப்பு பொங்கியது. “இருங்க, நானும் கை ஆட்டுறேன். தெரியுதா?”

தெரிய வழியில்லை. அந்தக் கணினியில் கேமரா கிடையாது.

“நல்லாத் தெரியுதும்மா” என்ற அக்கா, மவுஸை விட்டுவிட்டு, எதிரே இருந்த திரையைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார்.