ஸ்பான்சர் விலகிய மதியம்

துபாயில் விளையாட்டு உடைகளும் ஷூக்களும் இறக்குமதி செய்து விற்கும் ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். வீடு அஜ்மானில், வாடகை குறைவு என்பதால். என் வேலையில் பெரும்பகுதி கல்லூரி அணிகளுக்கு ஸ்பான்சர் செய்வது. ஜெர்சி, ஷூ, பை எல்லாவற்றையும் நாங்கள் இலவசமாகக் கொடுப்போம். பதிலுக்கு அந்த அணி எங்கள் பிராண்டைத் தவிர வேறு எதையும் போட்டுக்கொண்டு மைதானத்திலோ படத்திலோ தெரியக் கூடாது. இன்ஸ்டாகிராமில் எங்கள் பெயரோடு படம் போட வேண்டும். கல்லூரி திறக்கும் வாரம் வளாகத்துக்குள் நாங்கள் கடை விரிக்க இடம் தர வேண்டும். படிக்கிற வயதில் ஒரு பிராண்ட் பழகிவிட்டால், சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அதையே வாங்குவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு.

நான் தனியாகப் பேசி முடித்த முதல் ஒப்பந்தம் ராஸ் அல் கைமாவில் ஒரு கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணியோடு. அதன் கோச் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். முதல் சந்திப்பில் இருவரும் வெகுநேரம் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். இடையில் அவர் மனைவி போன் செய்தார். மீன் வாங்கியாச்சா என்று கோச் தமிழில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஒப்பந்தத்தின் மிச்ச விஷயங்களையெல்லாம் தமிழிலேயே பேசி முடித்தோம்.

ஜெர்சியும் ஷூவும் கொடுக்கும் நாளன்று நானே பெட்டிகளோடு போனேன். அணியில் எல்லா நாட்டுப் பெண்களும் இருந்தார்கள். கேப்டன் எகிப்துக்காரப் பெண், என்னைவிட ஒரு தலை உயரம். ஜெர்சியை மேலே வைத்துப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா, செராமிக் ஃபேக்டரியில் வேலை செய்பவர், டியூட்டி உடையோடு வந்திருந்தார். எல்லாமே ஃப்ரீயா என்று என்னிடம் ஹிந்தியில் இரண்டு தரம் கேட்டார். அன்று திரும்பி வரும்போது இந்த வேலைக்கு வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் ஓடிய பிறகு என் மேனேஜர் கூப்பிட்டார். மும்பைக்காரர், நல்ல மனிதர்தான், அவசரக்காரர். மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்களாம். இப்போது ஊரெல்லாம் பேடல் என்று டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டத்துக்கு மைதானம் கட்டுகிறார்கள், பணமுள்ளவர்கள் எல்லாம் அங்கேதான் போய் ஆடுகிறார்கள், இனி நம் ஸ்பான்சர் அங்கேதான் என்றார். “காலேஜ் எல்லாம் கலாஸ், முடிஞ்சுது.” ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பாதியில் யார் விலகுகிறார்களோ அவர்கள் மற்றவருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்தக் கல்லூரி ஏதாவது விதியை மீறியிருக்கிறதா பார், அவர்களே விலகுகிற மாதிரி செய்ய முடிந்தால் நல்லது என்றார். சில மாதங்களுக்கு முன் ஒரு படத்தில் ஒரு பெண் வேறு பிராண்ட் ஷூ போட்டிருந்ததைப் பார்த்து எங்கள் சோஷியல் மீடியா பிரிவு எச்சரிக்கை மெயில் அனுப்பியிருந்தது. அதை அவர் மறக்கவில்லை.

ஸ்பான்சர் நிற்கப் போகிறது என்று மெயில் போட்டுவிட்டால் போதும், அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கோச்சுக்குப் போன் செய்து சனிக்கிழமை வரலாமா என்றேன். எதற்கு என்று கேட்காமலே சாப்பாட்டுக்கு வந்துவிடச் சொன்னார். அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வழி நெடுக, எப்படி ஆரம்பிப்பது என்று காருக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த வாக்கியமும் சரியாக வரவில்லை.

கோச்சின் மனைவி அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அவருக்கு ஆஃப். நெய்மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் செய்திருந்தார். நான் சாப்பிடுவது போல் தட்டில் கையால் அளைந்துகொண்டிருந்தேன். கோச்சும் வழக்கம்போல் இல்லை. எப்போதும் கடைசி மேட்ச்சைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிடுவார். அன்று வெயிலைப் பற்றிச் சொன்னார், ரோடு வேலையைப் பற்றிச் சொன்னார், பிறகு திரும்பவும் வெயிலைப் பற்றிச் சொன்னார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லணும்னா சொல்லுங்களேன். அக்கா எவ்வளவு நேரம் இருப்பாங்க” என்றார் கடைசியில்.

கோச் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“மேடம், கேட்டுட்டு கோவப்படப்பிடாது.”

“சொல்லுங்க சார்.”

“எங்களுக்கு இந்த ஸ்பான்சர் வேண்டாம்.”

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. நாங்கள் கொடுத்தது ஓட்டத்துக்கான ஷூ. உள்ளரங்கத்தில் துள்ளிப் பக்கவாட்டில் இறங்கும்போது அந்த அடிப்பகுதி பிடிப்பதில்லை. முதல் வருடமே கேப்டனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அதிலிருந்து எல்லாரும் பயிற்சிக்குச் சொந்த ஷூ போட்டுக்கொண்டு வந்தார்கள். போட்டி நாளில் எங்கள் ஷூவோடு படம் எடுத்துவிட்டு, விசில் ஊதுவதற்குள் ஓடிப்போய் மாற்றிக்கொள்வார்கள். எச்சரிக்கை மெயில் வந்த பிறகு யார் எங்கிருந்து படம் எடுக்கிறார்கள் என்றே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இன்ஸ்டாகிராமில் முகம் வருவதைச் சில வீடுகளில் விரும்பவில்லை. படம் எடுக்கும்போது இரண்டு பெண்கள் மற்றவர்களுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். ஒரு பெண் அதனாலேயே அணியிலிருந்து நின்றுவிட்டாள்.

கல்லூரி நிர்வாகமும் விலகச் சம்மதித்துவிட்டது, திங்கட்கிழமை கடிதம் அனுப்பப் போகிறார்கள் என்றார்.

“நீங்க எங்களுக்காக அவ்வளவு பேசி வாங்கித் தந்தீங்க. உங்க மொகத்துல எப்பிடி முழிக்கதுன்னு எனக்கு ஒறக்கமே இல்ல.”

அந்த நிமிஷம் எனக்குள் ஓடியதைச் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து போனால் போதும். திங்கட்கிழமை கடிதம் வரும், விலகியவர்கள் அவர்கள் ஆவார்கள், என் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை, மேனேஜர் என்னைப் பாராட்டுவார். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் நான் என்ன சொல்வேனோ என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த லெட்டரை அனுப்பிராதீங்க சார்” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. நான் வேகமாகச் சொல்லி முடித்தேன். “எங்க கம்பெனியே உங்களை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேனுங்க. நீங்க முந்திக்கிட்டா நஷ்டமெல்லாம் உங்க தலையில வந்துரும்.”

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். கோச் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்குவதைப் பார்த்து ஒரு கணம் பயந்துபோனேன். கையை எடுத்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மேனேஜர் கூப்பிட்ட நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. அப்போதுதான் பசி தெரிந்தது. என் தட்டைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கேட்காமலே குழம்பைச் சூடுபண்ணி எடுத்து வந்தார். திரும்பவும் முதலிலிருந்து சாப்பிட்டேன். மரச்சீனி அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை மேனேஜரிடம், இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம், யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை, கொடுத்த பொருட்கள் அவர்களிடமே இருக்கட்டும் என்றேன். அந்தப் படத்தை வைத்து அவர்களை மடக்க முடியாதா என்று கேட்டார். நாம் கொடுத்தது ஓடுகிற ஷூ, ஒரு பெண்ணின் கால் பிசகியிருக்கிறது, சண்டை என்று வந்தால் அவர்களும் அதைச் சொல்வார்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால் மேலிடத்தில் எப்படிச் சொல்வது என்று அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. “அச்சா, அப்படியே முடிச்சிரு” என்றார். அந்த வாரமே இரண்டு பக்கமும் கையெழுத்தாகிவிட்டது. இப்போது எனக்கு பேடல் மைதானங்கள்தான் வேலை. அங்கே வருகிறவர்களுக்கு எதைப் போட வேண்டும் என்று நன்றாகவே தெரியும், நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பருவம் அந்த அணி தானே ஜெர்சி வடிவமைத்து ஷார்ஜாவில் ஒரு கடையில் அச்சடித்துக்கொண்டது. கருஞ்சிவப்பு நிறம். வேண்டியவர்களுக்கு முழுக்கை வைத்தது, மற்றவர்களுக்கு அரைக்கை. நிறத்தை ஓட்டு போட்டுத்தான் முடிவு செய்தார்களாம். நின்றுபோன பெண்ணும் திரும்பி வந்துவிட்டாள் என்று கோச் போனில் சொன்னார்.

புஜைராவில் அவர்களுக்கு ஒரு போட்டி இருந்தபோது என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அழைப்பும் இல்லை, வேலையும் இல்லை. மேல் வரிசையில் கோச்சின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிரணி நல்ல அணி. கடைசி செட் வரை இழுத்தது. கேப்டன் வலையருகே எழும்பி அடித்த ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அரங்கமே எழுந்து நின்றது. உள்ளே என்று நடுவர் காட்டினார். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மம்மி, ஸ்டாப், எவ்ரிபடி இஸ் லுக்கிங்” என்றாள். நான் அவ்வளவு சத்தமாகக் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பெண்கள் ஜெயிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ மேட்ச்சுகளுக்குப் போயிருக்கிறேன், ஜெர்சியையும் ஷூவையும்தான் பார்த்திருக்கிறேன், ஒன்றில்கூடப் பந்து எங்கே போகிறது என்று பார்த்ததில்லை என்று கோச்சின் மனைவியிடம் சொல்ல நினைத்தேன். குரல் வரவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.